ஒரு விசில் என்றால் எல்லாம் சரி

இது ராத்திரியில் நடந்ததில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டப்பகல். பதினொன்றே முக்கால் மணி. தலைக்கு மேல் வெயில், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வெறும் மணல். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நம்பி நிம்மதியாக இருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டாம்.

மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் வேலை எனக்கு. மாத்திரை ஒன்று கூடினாலும் வம்பு, ஒன்று குறைந்தாலும் வம்பு. கூட்டிக் குறைத்துச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. அன்று போகப் போக நேரத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டே போனேன். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. இங்கே சொல்லும் மணிகள் எல்லாம் அதில் உள்ளவை.

எங்கள் மருத்துவமனையில் ஒரு நடைக்குழு உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு எங்காவது போய் நடந்துவிட்டு வருவோம். எக்ஸ்ரே எடுப்பவர், ரத்தப் பரிசோதனைக் கூடத்துப் பெண்கள், கேன்டீன் மேற்பார்வையாளர் என்று மொத்தம் இருபத்திரண்டு பேர். பாதை பார்த்து வைப்பது என் பொறுப்பு. அந்த மாதம் கடலோரக் காடு என்று முடிவாயிற்று.

பதினொரு கிலோமீட்டர். முதலில் சவுக்கும் புதருமாகக் காடு. காடு கடலில் போய் முடியும். அங்கே மூக்குப் பாறை என்று ஒரு பெரும் பாறை கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் காலடியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனால் நேர்க்கோடு போலக் கடற்கரை, நான்கு கிலோமீட்டர். கரை முடியும் இடத்தில் மரப்படி. ஏறினால் மறுபடி காடு, நுழைவாசல். 'மிதமான நடை. முழங்கால் வலி உள்ளவர்களும் வரலாம்' என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். கேன்டீன் மேற்பார்வையாளர் அதன் கீழே, 'முழங்காலே இல்லாதவர்கள்?' என்று பென்சிலால் எழுதிவிட்டுப் போனார்.

சிக்கல் பாறையில்தான் இருந்தது. கடல் இறங்கியிருக்கும்போது மட்டுமே அதன் காலடியில் நடக்கலாம். ஏறிவிட்டால் வழி கிடையாது. சமையலறை மேஜையில் கடல் ஏற்ற இறக்க அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு நேரத்தைப் பின்னிருந்து முன்னாகக் கணக்குப் போட்டேன். பன்னிரண்டரைக்குப் பாறையடியில் இடுப்பளவுத் தண்ணீர். அப்படியானால் பதினொன்றரைக்குள் கடைசி ஆள்வரை தாண்டியிருக்க வேண்டும். பத்தரைக்குக் கரைக்கு வர வேண்டும். ஏழு மணிக்கு வாசலில் நடை தொடங்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கடலின் நேரம் ஏறக்குறைய அதே கணக்குக்கு வந்துவிடும். அதனால் குழு போவதற்குச் சரியாக இரண்டு வாரம் முன்னால், அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே நேரத்தில் ஒத்திகை நடக்க முடிவு செய்தேன்.

துணைக்குத் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். குழுவில் அவனுக்கு 'நத்தை' என்று பெயர். ஒவ்வொரு செடியையும் விசாரித்துவிட்டுத்தான் வருவான். அதனாலேயே அவனை எப்போதும் கடைசி ஆளாகப் போடுவோம்.

கடைசி ஆள் என்பது எங்கள் குழுவில் ஒரு பதவி. ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டுக்கொண்டு எல்லாருக்கும் பின்னால் வர வேண்டும். அவருக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக் கூடாது. முன்னால் போகும் நான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விசில் ஊதுவேன். கடைசி ஆள் ஒருமுறை ஊதிப் பதில் சொல்வார். ஒரு விசில் என்றால் எல்லாம் சரி. இரண்டு என்றால் நில். மூன்று என்றால் ஆபத்து. பதிலே வராவிட்டாலும் அது ஒரு சேதிதான். நான் அந்த இடத்திலேயே நின்று திரும்பி வர வேண்டும். திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்த ஒரு தடவை வேர் தடுக்கி என் முன்பல் ஆடிவிட்டது. அதற்குப் பிறகு கண்ணை முன்னால் வைத்தேன், காதைப் பின்னால் வைத்தேன்.

காலை ஐந்தரைக்குத் தம்பியை அழைத்துப் போக அவன் வீட்டுக்குப் போனேன். தம்பி மனைவி கதவு வரை வந்தாள். ஏழு மாதம்.

"அண்ணி, இவரை முழுசா கொண்டுவந்து சேர்த்துடுங்க."

"நான் என்ன பார்சலா?" என்றான் தம்பி.

"பார்சல்னா நேரத்துக்கு வரும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். "மத்தியானம் மூணு மணிக்கு இவன் இங்க இருப்பான்" என்று அவளிடம் சொன்னேன்.

6:50. நுழைவாசல். காவலர் அறையில் ஒரு பதிவேடு. இரண்டு பேர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

7:00. புறப்பட்டோம். இருபத்திரண்டு பேர் காட்டு வழியில் வரிசையாக நடந்தால் தலைக்கும் வாலுக்கும் முந்நூறு அடியாவது இருக்கும். அவ்வளவு தூரத்துக்கு விசில் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காகத் தம்பியைத் தள்ளியே வரச் சொன்னேன்.

"நடுவுல இருபது பேர் வர்றாங்கன்னு வச்சுக்கோ."

"சரி. யாராவது வழியில உட்கார்ந்துட்டா தூக்கிட்டு வரணுமா?"

"வாயை மூடிட்டு வாடா."

அவன் முகத்தைப் பக்கத்தில் பார்த்தது அதோடு சரி. அடுத்தது பன்னிரண்டு மணிக்கு மேல்.

7:10. ஊதினேன். பதில் வந்தது. அவனுக்கு எதையும் நேராகச் செய்யத் தெரியாது. ஊதி முடிக்கும்போது வாலில் ஒரு சுழி வைப்பான். பீ...ப், பிப்! யாரையோ கேலி செய்கிற மாதிரி இருக்கும். 7:20, பீ...ப், பிப்! 7:30, அதேதான். காடு நன்றாக இருந்தது. ஊசி இலை மெத்தையில் கால் வைத்தால் சத்தமே இல்லை. இங்கே சிற்றுண்டிக்கு நிற்கலாம், இங்கே வேர் அதிகம், இங்கே கை கொடுக்க ஒருவர் வேண்டும் என்று குறித்துக்கொண்டே போனேன்.

8:38. ஓடைக்கு மேல் ஒரு பலகைப் பாலம். தாண்டினேன்.

8:40. ஊதினேன். பீ...ப், பிப்!

8:50. ஊதினேன்.

பீ...ப்.

வால் இல்லை.

களைத்துவிட்டான் போல என்று நினைத்தேன். தாளில் 'பதில் சரி' என்று எழுதினேன்.

9:00. பீ...ப். 9:10. பீ...ப். ஒரே நீளம், ஒரே அளவு. அக்காவுக்குக் கோபம் வந்துவிடும் என்று ஒழுங்காக ஊதுகிறானே, பரவாயில்லை என்றுகூட நினைத்தேன்.

9:20. ஊதினேன். என் சத்தம் முடிவதற்குள் பதில். இடைவெளியே இல்லை. முந்நூறு அடி தள்ளி வருகிறவனுக்கு என் விசில் போய்ச் சேர வேண்டும். அவன் விசிலை எடுத்து வாயில் வைக்க வேண்டும். எப்போதும் ஒரு மூச்சு நேரமாவது ஆகும். இது உடனே வந்தது. கையில் தயாராக வைத்திருப்பான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

9:50. பதில் இடப்பக்கத்திலிருந்து வந்தது. பாதை எனக்கு நேர் பின்னால் இருக்கிறது. இடப்பக்கம் ஆள் நுழைய முடியாத முட்புதர். காற்றின் வேலையாக இருக்கும்.

10:25. மரங்கள் முடிந்தன. கடல். எதிரே மூக்குப் பாறை. அதன் காலடியில் ஈரக் கற்களும் பாசியும் நண்டுகளும். கல்லுக்குக் கல் தாவித்தான் போக வேண்டும். நடுநடுவே முழங்கால் ஆழத்துக்குப் பள்ளங்கள். காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். தம்பி இன்னும் மரங்களைவிட்டு வெளியே வரவில்லை.

10:30. ஊதினேன். பதில் வந்தது. மிகப் பக்கத்தில். முதல் வரிசை மரத்துக்குப் பின்னால் நிற்கிற மாதிரி.

வந்துவிட்டான், இனி என்ன என்று பாறையைச் சுற்றத் தொடங்கினேன். அங்கேயே ஐந்து நிமிடம் நின்றிருக்கலாம். கண்ணால் பார்த்துவிட்டு நகர்ந்திருக்கலாம். இன்றுவரை தூக்கம் வராதபோதெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தைத்தான் நினைக்கிறேன்.

10:45. பாறையின் மறுபுறம் இறங்கினேன். நேர்க் கடற்கரை. ஆள் நடமாட்டமே இல்லை. வலப்பக்கம் கடல், இடப்பக்கம் செங்குத்தான மணல் மேடு. ஈர மணலில் நடப்பது சுகமாக இருந்தது. 11:00, பதில். 11:10, பதில். 11:20, பதில்.

11:20க்கு ஒரு விஷயம் உறைத்தது. அலைச் சத்தம் காதை அடைக்கிறது. என் விசில் எனக்கே மங்கலாகக் கேட்கிறது. பதில் மட்டும் எப்படி இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது?

11:30. ஒரு மரக்கட்டை ஒதுங்கிக் கிடந்தது. தண்ணீர் குடிக்க உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடி வந்த வழியைப் பார்த்தேன்.

மூக்குப் பாறைவரை கரை முழுதும் தெரிந்தது. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். ஒளிய ஒரு புதர்கூட இல்லை.

யாரும் இல்லை.

பாறைக்கு அந்தப் பக்கம் நின்று நண்டு பார்த்துக்கொண்டிருப்பான். நத்தைதானே. திட்டிக்கொண்டே விசிலை எடுத்து ஊதினேன்.

பீ...ப்.

முப்பது அடி தூரத்தில்.

எழுந்து நின்றேன். எதிரே மணல். மணலில் என் காலடித் தடம். ஒரே ஒரு வரிசை. வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு பறவைகூட இல்லை.

"டேய்..." என்றேன்.

ஒன்றும் இல்லை.

"விளையாடாதடா."

அலை வந்தது. போனது.

11:40. தாளில் அந்த இடத்து எழுத்து இன்றும் கோணலாக இருக்கிறது. இரண்டு முறை ஊதினேன். நில். இரண்டுக்கு இரண்டுதான் பதில். அதுதான் விதி. தம்பியாக இருந்தால் இரண்டு வரும்.

பீ...ப்.

ஒன்று.

எல்லாம் சரி.

மறுபடி ஊதலாம் என்று விசிலை உதட்டுக்குக் கொண்டுபோனேன். இன்னும் ஊதவில்லை. மூச்சுகூட இழுக்கவில்லை...

பீ...ப்.

இருபது அடி.

பதினைந்தோ என்னவோ.

மணல் அசையவில்லை. நிழல் விழவில்லை. சத்தம் மட்டும் ஒரு ஆள் உயரத்தில், ஒரு ஆள் வாய் இருக்கும் இடத்தில் இருந்தது.

11:42.

அந்த நிமிடம் எனக்கு இரண்டு வழி இருந்தது. முன்னால் இரண்டு கிலோமீட்டரில் மரப்படி, காவலர், ஆட்கள். பின்னால் அது. அதற்கும் பின்னால் எங்கேயோ என் தம்பி. கடல் ஏறிக்கொண்டிருந்தது. நான் எழுதிய கணக்கே சொல்லிற்று. பன்னிரண்டரைக்கு இடுப்பளவு.

கதவருகே என் கையை அழுத்திய கை ஞாபகம் வந்தது.

திரும்பினேன்.

அந்த இடத்தின் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மேடு. கண்ணைத் திறந்துகொண்டே நடந்தேன். பத்து அடி. ஐந்து அடி. வாய் தானாக எதையோ முணுமுணுத்தது. என்னவென்று இப்போது நினைவில்லை.

தாண்டினேன்.

ஒன்றுமே நடக்கவில்லை.

பத்து அடி போனேன்.

பீ...ப்.

பிடரிக்குப் பின்னால்.

ஓடினேன். பை முதுகில் மோதிக்கொண்டே வந்தது. அது பின்னாலேயே ஊதியது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இல்லை. பத்து அடிக்கு ஒருமுறை. எல்லாம் சரி. எல்லாம் சரி. திரும்பி வா, எல்லாம் சரி. போகப் போக அது பின்தங்கியது. மரப்படிப் பக்கமிருந்து கூப்பிட்டது. நான் சத்தம் வராத பக்கத்தைப் பார்த்து ஓடினேன். அன்று எனக்கு இருந்த புத்தி அவ்வளவுதான். அது இருக்கும் பக்கம் தம்பி இல்லை.

என் காலடித் தடங்கள் பாதிக்கு மேல் தண்ணீரில் போயிருந்தன.

12:04. பாறையடி. காலையில் வெளியே தெரிந்த கற்களின்மேல் அலை ஏறி இறங்கியது. முழங்கால் அளவு. பிடித்துப் பிடித்துப் போனேன். கழுத்தில் விசில் தொங்கியது. தொடவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன்.

"டேய்... டேய்...!"

இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது.

மார்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தான். ஒரு கால் கற்களுக்கிடையே கணுக்கால்வரை போய் மாட்டியிருந்தது. அலை வரும்போது தண்ணீர் மோவாய்க்கு ஏறியது. கண் திறந்திருந்தது. உதடு நீலம். என்னைப் பார்த்ததும் அவன் அழவில்லை, "அக்கா" என்றுகூடச் சொல்லவில்லை. முதல் வார்த்தை...

"ஊதாத."

"என்னடா?"

"விசில் ஊதாதக்கா. ஊதாத."

பையில் கட்டுத்துணி வெட்டும் கத்தரிக்கோல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பையை உயரமான கல்லின்மேல் வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்து முங்கினேன். ஷூவின் கயிற்றை வெட்டினேன். பிறகு ஷூவையே பக்கவாட்டில் வெட்டினேன். மூன்று முறை முங்கி எழுந்தேன். நாலாவது முறை காலை இழுத்தேன். எலும்பு நகர்வது என் கைக்குத் தெரிந்தது. அவன் போட்ட கூச்சலில் பாறை இடுக்கில் இருந்த பறவைகள் எல்லாம் கிளம்பின. எனக்கு அந்தக் கூச்சல் இனித்தது. மனிதக் குரல்.

12:19. கால் வெளியே வந்தது.

12:40. காட்டு விளிம்பில் ஒரு மரத்தடியில் சாய்ந்து கிடந்தோம். போனில் ஒரே ஒரு கோடு சிக்னல். நுழைவாசலுக்குக் கூப்பிட்டேன். வருகிறோம் என்றார்கள். எதிரே பாறையடி முழுதும் தண்ணீர். அவன் உட்கார்ந்திருந்த பள்ளம் எங்கே என்றே தெரியவில்லை.

அந்தத் தண்ணீருக்கு நடுவிலிருந்து ஒருமுறை கேட்டது.

பீ...ப்.

தம்பி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான். நான் விசிலைக் கயிற்றோடு கழற்றிக் கடலைப் பார்த்து எறிந்தேன்.

மாலையில் எங்கள் மருத்துவமனையிலேயே சேர்த்தோம். கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. தம்பி மனைவி அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, "பார்சல் பிரிச்சு வந்திருக்கு" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அவள் வெளியே போனதும் நான் கேட்டேன்.

"உன் விசில் எங்கடா?"

"பாலத்துல விழுந்துடுச்சு."

"எந்தப் பாலம்?"

"ஒரே பாலம்தானே இருந்துச்சு. குனிஞ்சு மீன் பார்த்தேன். கயிறு தலை வழியா நழுவி ஓடையில போயிடுச்சு."

தாளை எடுத்தேன். பாலத்துக்குப் பிறகு, எட்டு ஐம்பதிலிருந்து பதினொன்று நாற்பதுவரை பதினெட்டு முறை ஊதியிருக்கிறேன். பதினெட்டுக்கும் பதில் வந்திருக்கிறது.

"சரி, பதில் வரலைன்னா நீயே திரும்பி வந்துடுவேன்னு கவலைப்படாம நடந்தேன்" என்றான் தம்பி. "நீ வரல. ஆனா ஒவ்வொரு தடவையும் ரெண்டு விசில் கேட்டுச்சு. தூரத்துல ஒண்ணு, கொஞ்சம் பக்கத்துல ஒண்ணு. ரெண்டுன்னா நில்லுன்னு அர்த்தம். நின்னேன். யாரும் வரல. மறுபடி நடந்தேன். மறுபடி ரெண்டு. மறுபடி நின்னேன்."

அதனால்தான் பின்தங்கியிருக்கிறான். பதினொன்றே கால் வாக்கில் பாறையடிக்கு வந்திருக்கிறான். என்னைப் பிடிக்கும் அவசரத்தில் பாசியில் வழுக்கியிருக்கிறான். கத்தியிருக்கிறான். நான் அந்தப் பக்கம் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், எல்லாம் சரி என்று எழுதிக்கொண்டு நடந்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் வனக் காவலர் வந்தார். கையில் பதிவேடு. வெளியே போன நேரம் எழுதாமல் வந்துவிட்டோமாம். எழுதினேன். விசில் என்று நான் ஆரம்பித்ததுமே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு வருஷம் முன்னாடி ஒரு அச்சாபீஸ்காரங்க வந்தாங்கம்மா. பதினாலு பேர். உங்கள மாதிரியே முன்னாடி ஒருத்தர், கடைசியில ஒருத்தர். கடைசியில வந்தவர் அந்தப் பாறையில மாட்டிக்கிட்டார். மறுநாள்தான் கிடைச்சார்."

"மத்தவங்க தேடலையா?"

"ஏன் தேடணும்? ஊதும்போதெல்லாம் பதில் வந்திருக்கே. சாயந்திரம் நாலு மணிக்கு வாசலுக்கு வந்து, அரை மணி நேரம் அங்கேயே நின்னு ஊதினாங்க. நானும் கூட நின்னேன். மரத்துக்குள்ளேருந்து பதில் வந்துக்கிட்டே இருந்தது. இதோ வந்துட்டார், இதோ வந்துட்டார்னு... டாக்டர் என்ன சொன்னார்னா, உயிர் போனது மத்தியானத்துக்கு முன்னாடி."

அப்படியானால் அன்று எனக்குப் பதில் சொன்னவர் அவர்தான் என்று தோன்றியது. பாவமாகக்கூட இருந்தது. செத்த பிறகும் வேலையை விடாத ஒரு கடைசி ஆள்.

காவலர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார்.

"அவர் விசில் வேன்லேயே கிடந்ததும்மா. சீட் மேல. காலையில எடுக்க மறந்துட்டு இறங்கியிருக்கார். அன்னைக்கு முழுக்க அவர் ஒரு தடவைகூட ஊதல."

"அப்போ அவங்களுக்குப் பதில் சொன்னது யாரு?"

அவர் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா."

அறிவிப்புப் பலகையில் ஒட்டியதைக் கிழித்தேன். காரணம் கேட்டவர்களிடம் கடல் சரியில்லை என்றேன். இப்போது எங்கள் குழு பூங்காவில் வட்டமாக நடக்கிறது. யாரிடமும் விசில் இல்லை.

தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒரு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். மத்தியானம். குழந்தையும் தாயும் உள்ளே தூங்கினார்கள். தம்பி கட்டுப் பிரித்த காலை நாற்காலியில் நீட்டி வைத்து உட்கார்ந்திருந்தான். மெலிந்திருந்தான். உள்ளறைக் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். அவகிட்ட சொல்லாத."

"சொல்லு."

"பள்ளத்துல இருந்தேன்ல. உன் விசில் ரொம்ப தூரத்துல கேட்கும். கேட்டதும் என் காதுக்குப் பக்கத்துல ஒண்ணு ஊதும்."

"பார்த்தியா?"

"பார்க்க ஒண்ணுமில்ல. தண்ணி, கல்லு. அவ்வளவுதான்." காலை நாற்காலியிலிருந்து இறக்கி வைத்தான். "ஊதறதுக்கு முன்னாடி மூச்சு இழுப்போம்ல. அந்தச் சத்தம் கேட்டுச்சுக்கா. அது ஒருத்தர் மூச்சு இல்ல."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

"பக்கத்துல ஒண்ணு. பின்னாடி ஒண்ணு. தண்ணிக்கு அடியில ஒண்ணு. எல்லாரும் ஒண்ணா இழுப்பாங்க. ஆனா விசில் ஒண்ணுதான் கேட்கும். கண்ண மூடிக்கிட்டு எண்ணிப் பார்த்தேன். பதினொண்ணு வந்துச்சு."

உள்ளே குழந்தை சிணுங்கி அடங்கியது. அவன் அதுவரை காத்திருந்தான்.

"கடைசியா ஒரு தடவை இழுத்தாங்க. அப்போ நானும் இழுத்தேன்."

"எதுக்குடா?"

"தெரியல. தானா வந்துச்சு. உதட்டுல என்னமோ வச்ச மாதிரி இருந்துச்சு. ஜில்லுனு... இரும்பு மாதிரி. ஊத வேண்டியதுதான் பாக்கி. அப்பதான் நீ 'டேய்'னு கூப்பிட்ட."